ரயில் இல்லாத ரயில் விளம்பரம்

லண்டன் பாதாள ரயிலுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்ட சுவரொட்டிகள் பலவற்றில் ரயிலே இருக்காது. பூத்த மரமும் புல்வெளியும் இருக்கும். அடியில் ‘கியூ தோட்டம்’ போல ஓர் இடத்தின் பெயர் இருக்கும். அவ்வளவுதான்.

பின்னால் இருந்தது வியாபாரக் கணக்கு. காலையும் மாலையும் அலுவலகக் கூட்டம் பெட்டிகளை நிறைத்துவிடும். நடுப்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். ரயில் ஓடும் செலவு மட்டும் குறையாது. 1908இல் விளம்பரப் பொறுப்பை ஏற்ற ஃபிராங்க் பிக், ஓய்வு நேரத்தில் ஊர் சுற்றக்கூடியவர்களைக் குறிவைத்தார். நிலையச் சுவர்களில் கண்டபடி ஒட்டியிருந்ததை ஒழுங்குபடுத்தி, சுவரொட்டிக்கென்று தனி இடம் ஒதுக்கினார். அவர்களுக்கு ஏற்ற இடம் கியூ தோட்டம். கியூவில் 1869 முதலே ரயில் நிலையம் உண்டு. அங்கே விக்டோரியா அரசி 1898இல் தோட்டத்துக்குக் கொடுத்த காட்டுப் பகுதியில், மே மாதவாக்கில் புளூபெல் பூக்கள் தரையெல்லாம் நீலமாக விரியும். சில வாரங்கள்தான். விட்டால் அடுத்த வருஷம்தான் என்ற அவசரத்தைப் பூவே உண்டாக்கிவிடும்.

இந்தச் சுவரொட்டிகள் அச்சானது கல்லச்சில். எண்ணெய்ப்பசையும் தண்ணீரும் ஒட்டாது என்பதே அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ பசையுள்ள மையால் வரைவார்கள். அதை ஈரப்படுத்தி மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். 40 அங்குல உயரமும் 25 அங்குல அகலமும் கொண்ட தாள், நிறத்துக்கு ஒருமுறை அச்சேறும்.

நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் ஓவியர்கள் சிக்கனம் பழகினார்கள். மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் பச்சை. ஆகவே இலையின் வெயில் பக்கத்துக்கு மஞ்சள் மட்டும். நிழல் பக்கத்துக்கு இரண்டும். வெள்ளைப் பூவுக்கு மையே வேண்டாம், தாளை அப்படியே விட்டால் போதும். இலை நரம்பையும் மகரந்தத்தையும் நுணுக்கி வரைய அவசியமில்லை. எதிர் நடைமேடையில் நிற்பவர் கண்ணில் பட வேண்டும், அதுதான் முக்கியம்.

லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் பழைய சுவரொட்டிகளை ஆயிரக்கணக்கில் பாதுகாத்து வருகிறது. ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தால் இலையின் விளிம்பைக் கவனியுங்கள். மயிரிழை அகலத்துக்கு மஞ்சளோ நீலமோ துருத்திக்கொண்டு தெரிந்தால், அடுத்த நிறம் ஏறும்போது தாள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.