மிட்டாய் மறுத்த கடையும் வாசலுக்கு வரும் பார்சலும்

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தின்பண்டம் வாங்கப் போன தலித் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருக்காரர்களுக்குப் பொருள் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். வீடியோ பரவியது. கடைக்கு சீல் வைத்தார்கள், கைது நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. கையில் காசை வைத்துக்கொண்டு, கட்டுப்பாடு என்றால் என்னவென்று விளங்காமல் நின்ற அந்தப் பிள்ளைகளின் முகம்தான் என் மனதில் தங்கிவிட்டது.

ஆன்லைன் வணிகம் வந்துவிட்டது, சங்கிலிக் கடைகள் தாலுகா ஊர் வரை வந்துவிட்டன, அண்ணாச்சி கடைகள் அழிகின்றன என்ற புலம்பலை எங்கும் கேட்கிறோம். அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'நம்ம ஊர்க் கடை' என்று எல்லோரும் உருகிச் சொல்லும்போது, அந்த 'நம்ம'வுக்குள் சேரி இருந்ததா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

கடை என்பது சாதி ஊரில் வெறும் வியாபார இடமாக இருந்ததே இல்லை. பம்பாய் மாகாண அரசு 1928-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பார் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. அண்ணல் அம்பேத்கர் அதில் உறுப்பினர். 1930-இல் வந்த அதன் அறிக்கை, உரிமை கேட்கும் தலித்துகளை அடக்க ஆதிக்க சாதியார் எடுக்கும் ஆயுதம் சமூகப் புறக்கணிப்பு என்றது. வேலையை நிறுத்துவது, வழியை அடைப்பது ஆகியவற்றோடு, கிராமத்துக் கடைக்காரர் அன்றாடப் பொருட்களைத் தர மறுப்பதையும் சேர்த்தே சொன்னது. அதே ஆண்டு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த கோரிக்கை மனுவில், புறக்கணிப்பைக் குற்றமாக்கிச் சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். ஓட்டுரிமை கேட்டுப் போன இடத்தில் உப்பு, புளி வாங்கும் உரிமையையும் கேட்க வேண்டியிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடைகளுக்குள் நுழையும் உரிமையைப் பெயர் சொல்லி எழுதி வைத்திருப்பதும் இந்தப் பின்னணியில்தான். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் பொருள் விற்க மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை சட்டத்துக்குப் பிறகும் பாஞ்சாகுளம்.

இனி, சந்தையைப் பிடிக்கப் பெரிய கைகள் போடும் சண்டைக்கு வருவோம். சென்னையில் 1997-இல் தொடங்கி நாடெங்கும் பரவிய சுபிக்ஷா 2009-இல் கடன் சுமையில் மூடிப்போனது. 2001-இல் வந்த பிக் பஜார் இருபது ஆண்டு கொடி கட்டிப் பறந்தது. அதைக் கைப்பற்றுவதற்காக அமேசானும் ரிலையன்ஸும் சிங்கப்பூர் நடுவர் மன்றம் வரை இழுத்துக்கொண்டு போய், 2022-இல் கடைகள் ரிலையன்ஸ் கைக்கு மாறின. ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை 2018-இல் 1,600 கோடி டாலர் கொடுத்து வால்மார்ட் வாங்கியது. பலசரக்குச் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2012-இல் ஒன்றிய அரசு கதவைத் திறந்தபோது தமிழ்நாடு மறுத்தது நினைவிருக்கும். வாசல் வழியே வர முடியாத முதல், ஆன்லைன் சந்தை என்ற ஜன்னல் வழியே வந்துவிட்டது. தன் பங்கு உள்ள நிறுவனத்தின் சரக்கைத் தன் தளத்தில் விற்கக் கூடாது என்று 2019 பிப்ரவரி முதல் விதி இறுக்கப்பட்டது. வணிகர் சங்கங்கள் இன்னும் அதற்கு மேல் கேட்கின்றன. இந்தப் பஞ்சாயத்து எதிலும் சேரி ஒரு தரப்பாக இல்லை.

ஆனாலும் சேரிக்கு இதில் ஒன்று நடந்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். பருப்பைத் தொட்டுப் பார்க்கலாம், சோப்பை முகர்ந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிடலாம். நகரத்து வாசகருக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். கடைப் படிக்குக் கீழே நின்று, காசைக் கல்லாப் பலகையில் வைத்துவிட்டு விலகி, பொட்டலம் எட்டி விழ அதைப் பிடித்து வந்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பாட்டியின் பேத்தி ஷாம்பு அடுக்கின் முன் நின்று கால் மணி நேரம் யோசிப்பது என் கண்ணுக்குச் சாதாரணக் காட்சி இல்லை. பில் போடும் இயந்திரம் எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

ஆனால் அந்தக் கூடையை நிரப்பக் காசு வேண்டும். சங்கிலிக் கடையின் தள்ளுபடி மாதச் சாமானை மொத்தமாக வாங்குகிறவருக்கு. ஆன்லைனில் இலவச டெலிவரிக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு. சாயங்காலம் கூலி வாங்கிய பிறகுதான் அடுப்பு எரியும் என்ற வீட்டுக்கு நூறு கிராம் எண்ணெயும் ஒற்றை ரூபாய்ப் பாக்கெட்டும்தான் கட்டுப்படியாகும். சாஷே என்ற அந்தச் சின்ன உறையைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு அதில்தான் கிராமத்தைப் பிடித்தது. ஏழையின் கைக்கு எட்டும் அளவில் பொருளைக் கொடு என்ற அந்த வியாபாரப் புத்தி, இன்றைய செயலிகளுக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

இதைவிடப் பெரியது கடன் நோட்டு. மழைக்காலத்தில் வேலை இல்லாத இரண்டு மாதத்தை ஓட்டுவது ஊர்க் கடைக்காரர் எழுதி வைக்கும் கணக்குதான். சங்கிலிக் கடையில் நோட்டு கிடையாது. செயலியில் 'பிறகு செலுத்து' என்ற வசதிக்கு வங்கிக் கணக்கும் கடன் வரலாறும் கேட்கிறார்கள். தவணை தவறினால் அபராதம். அதனால் விலகி நிற்கச் சொன்ன கடைக்கே திரும்பப் போக வேண்டியிருக்கிறது. அந்த நோட்டு ஒரு மூக்கணாங்கயிறும்கூட. கோயில் திருவிழாவிலோ மயானப் பாதையிலோ தகராறு வந்தால் 'பழைய பாக்கியை இன்றைக்கே வை' என்ற குரல் முதலில் வருவது அங்கிருந்துதான்.

அடுத்து முகவரி. ஆன்லைன் தளம் சாதி கேட்பதில்லை, முகவரி கேட்கிறது. நம் ஊர்களில் முகவரிதான் சாதி. பெயர், கதவு எண், அதன் பிறகு 'காலனி'. வெளியூர் டெலிவரிப் பையனுக்கு அது வெறும் சொல். உள்ளூர்ப் பையனுக்கு அதன் பொருள் தெரியும்; 'மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கிறீங்களா அண்ணா?' என்ற அழைப்புக்குப் பின்னால் இருப்பது மோசமான சாலையா, மனமா என்று பிரித்தறிவது கடினம். காலனி என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். வரைபடச் செயலிகளிலும் தனியார் நிறுவனங்களின் முகவரித் தரவுகளிலும் ஏறிக்கிடக்கும் சொல்லை எடுக்கச் சொல்வது யார்?

அந்தப் பையனின் பக்கமும் பார்க்க வேண்டும். வண்டி ஒன்றைத் தவணையில் எடுத்து டெலிவரிக்குப் போகிறவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிட இது மேல் என்று அவர்கள் சொல்வதை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் சாதி அங்கேயும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 2024 மார்ச்சில் சொமாட்டோ, சைவ உணவுக்குத் தனி ஆட்கள், பச்சைச் சீருடை என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே எல்லோருக்கும் சிவப்புச் சீருடைதான் என்று பின்வாங்கியது. உணவைத் தூக்கிவரும் கை எது என்று பார்க்கும் பழைய கண், புதிய செயலிக்குள் நுழைய முயன்ற கதை அது.

சங்கிலிக் கடைகளும் பெரிய ஜவுளிக் கடைகளும் என்ன வாழ்ந்தன? பன்னிரண்டு மணி நேரம் நின்றே விற்கும் ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. டெலிவரித் தொழிலாளருக்கு 2023-இல் நலவாரியம் வந்திருக்கிறது. 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நல்லதுதான். ஐடியை முடக்கிவிட்டால் வேலை போனது என்ற நிலைக்கு மானியம் பதில் ஆகாது. ரேஷன் கடையில், கூட்டுறவுப் பண்டகசாலையில் ஆள் எடுத்தால் ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. அந்தக் கூட்டுறவுக் கடைகளைத் தேய விட்டுவிட்டு, வேலைவாய்ப்பு பெருகுகிறது என்று தனியார் கடைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறார்கள்.

கடைசியில் கல்லாவுக்குப் பின்னால் யார் என்ற கேள்வி. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் நடத்தியவை 9.8 சதவீதம், மக்கள்தொகையில் அன்று 16 சதவீதத்துக்கு மேல். அவற்றிலும் பெரும்பகுதி ஒற்றை ஆள் நடத்தும் சிறு தொழில்தான். சங்கிலிக் கடை பக்கத்தில் வந்தால் முதலில் சாய்வது சேரிக்குள் ஒரு பெண் திண்ணையில் நடத்தும் பெட்டிக்கடை. இதை வணிகர் சங்கங்களின் கண்டனப் பொதுக்கூட்டத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஒரு மாற்று முயற்சியும் நடந்தது. சந்தை சாதியை உடைக்கும் என்று வாதிடும் சந்திரபான் பிரசாத் 2016-இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே ஊறுகாயும் மசாலாத் தூளும் ஆன்லைனில் விற்கத் தொடங்கினார். தலித் கை பட்ட உணவு என்று பெயரிலேயே சொல்லி விற்பது சின்ன விஷயமல்ல. சந்தை தானாகச் சாதியை உடைக்கும் என்ற அவர் நம்பிக்கை எனக்கில்லை. கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல் வாங்கலாம் என்ற இடத்தில் அந்தத் துணிச்சல் நடந்தது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்றிய அரசு நிறுவனங்கள் தம் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. வால்மார்ட்டுக்கும் அமேசானுக்கும் ரிலையன்ஸுக்கும் அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கிடைக்கிறது, வணிகத்துக்கும் உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தில். திண்ணைக் கடை வைத்திருக்கும் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் அங்கே என்ன பதில் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.