வெப்ப வரைபடத்தில் குளிர்ந்து தெரியும் தகரக் கூரைகள்

2020ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, சிட்னி பெருநகரின் மேற்கு விளிம்பில் உள்ள பென்ரித்தில் வெப்பநிலை 48.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சிட்னி பெருநகரப் பகுதியில் அதுவரை பதிவான வெப்பநிலைகளில் அதுவே மிக அதிகமானது.

கடற்காற்று எளிதில் எட்டாத மேற்கு சிட்னியில்தான் வெஸ்ட்மீட், டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் போன்ற, தமிழர்கள் கணிசமாக வாழும் புறநகர்கள் அமைந்துள்ளன. எந்தப் பகுதி அதிகம் சூடேறுகிறது, எங்கே மரங்கள் தேவைப்படுகின்றன என்பதை அறிய, செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு வெப்ப வரைபடங்கள் தயாரிக்கப்படுகின்றன. 2015-16 கோடைக்காலத்தின் லேண்ட்சாட் தரவுகளைப் பயன்படுத்தி நியூ சவுத் வேல்ஸ் அரசு சிட்னிக்கு இத்தகைய வரைபடத்தை வெளியிட்டது. விக்டோரிய மாநில அரசும் மெல்பர்ன் நகருக்கு இவ்வாறு செய்துள்ளது.

இத்தகைய வரைபடங்களைத் தயாரிப்போர் எதிர்கொள்ளும் விந்தையான சிக்கல் ஒன்று உண்டு. கை வைக்க முடியாத அளவுக்கு வெயிலில் சுடும், வர்ணம் பூசாத தகரக் கூரை, செயற்கைக்கோளின் பார்வையில் குளிர்ந்த இடமாகத் தோன்றும்.

உமிழ்திறன் என்பது என்ன?

செயற்கைக்கோள் நிலத்தின் வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. நிலத்திலிருந்து மேலெழும் அகச்சிவப்புக் கதிர்வீச்சையே அது அளக்கிறது. ஒரே வெப்பநிலையில் உள்ள இரு பொருட்கள் ஒரே அளவு கதிர்வீச்சை வெளியிட வேண்டும் என்பதில்லை. இலட்சியக் கரும்பொருள் ஒன்று வெளியிடக்கூடிய கதிர்வீச்சில் எத்தனை பங்கை ஒரு பொருள் வெளியிடுகிறது என்பதே அதன் உமிழ்திறன்.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடிக்கப்பட்ட வெப்பமானியைப் பலரும் அறிவர். மனிதத் தோலின் உமிழ்திறன் சுமார் 0.98 என்பதால் அது சரியாக வேலை செய்தது. இதே தத்துவத்தில் இயங்கும் தொழிற்சாலை வெப்பமானி ஒன்றை, கொதிநீர் நிறைந்த பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தின் மீது காட்டினால் உண்மையை விட மிகக் குறைவான எண்ணையே காட்டும். அடுப்புக்கரி படிந்த பாத்திரத்தில் அந்தப் பிழை பெரிதும் மறைந்துவிடும்.

நீருக்கும் பசுந்தாவரங்களுக்கும் உமிழ்திறன் 0.98க்கு அருகில் உள்ளது. வீட்டு ஓடுகளுக்கும் வர்ணம் பூசிய இரும்புத் தகடுகளுக்கும் இது ஏறத்தாழ 0.9. வர்ணம் பூசாத உலோகத் தகட்டுக்கோ இது மிகவும் குறைவு. மேலும், அத்தகடு கண்ணாடியைப் போலக் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிப்பதால், அதன் வெப்பநிலை பல பத்து டிகிரி குறைவாகக் கணிக்கப்படலாம். சாதாரண நிலப்பரப்பிலும், உமிழ்திறனில் 0.01 அளவு பிழை ஏற்பட்டால் வெப்பநிலையில் சுமார் அரை டிகிரி பிழை நேரிடும்.

மதிப்பிடும் முறைகள்

உமிழ்திறனை மதிப்பிட முக்கியமாக இரு வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, தாவரங்களின் பசுமையை அளவிடும் வழி. ஓர் இடம் எந்த அளவுக்குப் பசுமையாக உள்ளது என்பதைச் சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு கணித்து, தாவரத்துக்கும் வெறும் மண்ணுக்கும் உரிய மதிப்புகளைக் கலந்து உமிழ்திறனை வழங்குவார்கள்.

இரண்டாவது வழியில் 'ஆஸ்டர்' கருவி முக்கியப் பங்கு வகித்தது. ஜப்பான் உருவாக்கிய இக்கருவி, 1999 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா ஏவிய டெரா செயற்கைக்கோளில் பொருத்தப்பட்டிருந்தது. அது வெப்பக் கதிர்வீச்சை ஐந்து அலைவரிசைகளில் அளந்தது. ஆனால் கண்டறிய வேண்டியவை ஐந்து உமிழ்திறன்களும் ஒரு வெப்பநிலையும், ஆக ஆறு. அளவீடு ஐந்து, விடைகள் ஆறு என்ற இந்த இடைவெளியை நிரப்ப, பாறை, மண் போன்றவற்றின் ஆய்வக அளவீடுகளில் காணப்பட்ட ஓர் ஒழுங்கு உதவியது. அலைவரிசைக்கு அலைவரிசை உமிழ்திறன் அதிகம் மாறும் பொருட்களில், அதன் மிகக் குறைந்த மதிப்பும் தாழ்ந்திருக்கும் என்பதே அது.

இவ்வாறு 2000 முதல் 2008 வரையிலான தரவுகளிலிருந்து உலக உமிழ்திறன் தொகுப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. லேண்ட்சாட் வெப்பநிலைத் தரவுகள் இத்தொகுப்பையே அடிப்படையாகக் கொண்டு, தாவர மாற்றத்துக்கு ஏற்பத் திருத்தப்படுகின்றன.

நகரம் தரும் சிக்கல்

இரு வழிகளும் உலோகத்திடம் தடுமாறுகின்றன. பசுமை இல்லாத இடத்தை முதல் வழி மண்ணைப் போலவே கருதுகிறது. உலோகத்தின் உமிழ்திறன் எல்லா அலைவரிசைகளிலும் ஏறத்தாழ ஒரே சீராகத் தாழ்ந்திருப்பதால், ஏற்றத்தாழ்வைத் தேடும் இரண்டாவது வழி அதை உயர்ந்த உமிழ்திறன் கொண்ட பொருளாக எண்ணிவிடுகிறது.

காலமும் ஒரு சிக்கலே. மேற்கு சிட்னியின் மார்ஸ்டன் பார்க், மெல்பர்னின் டார்னீட் போன்ற பகுதிகளில் புல்வெளிகளாக இருந்த நிலங்கள் பெரும்பாலும் 2008க்குப் பின்னரே குடியிருப்புகளாயின. தொகுப்பில் பதிவாகியிருப்பதோ பழைய நிலத்தின் இயல்பு. பசுமை குறைந்ததை அந்தத் திருத்தம் கவனிக்கும். மண்ணின் இடத்தில் கூரை வந்ததைக் கவனிக்காது.

இதற்கு மாற்றாக, கூரைப் பொருட்களை விமானப் படங்களின் மூலம் இனங்கண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய உமிழ்திறனைத் தனித்தனியாக வழங்கலாம். தரையில் வைத்த வெப்பமானிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் அவசியம்.

உயிர் சார்ந்த கணக்கு

2009 ஜனவரி இறுதியில் மெல்பர்னில் தொடர்ந்து மூன்று நாட்கள் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த வெப்ப அலையின்போது விக்டோரியாவில் வழக்கத்தை விட 374 பேர் கூடுதலாக இறந்ததாக மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. அடுத்த சில நாட்களில், பிப்ரவரி 7ஆம் தேதி மூண்ட 'கறுப்புச் சனிக்கிழமை' காட்டுத்தீயில் உயிரிழந்தோர் 173 பேர். தீயை விட வெப்பமே அதிக உயிர்களைப் பறித்தது எனலாம்.

ஆகவே வரைபடத்தில் எது சிவப்பு, எது நீலம் என்பது வெறும் அழகியல் விடயமன்று. கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த ஒரு பகுதி குளிர்ச்சியாகக் காட்டப்பட்டால், அந்தக் கூரைகளின் கீழ் வேலை செய்வோரும் அருகில் குடியிருப்போரும் நிழலுக்கான வரிசையில் பின்தள்ளப்படும் ஆபத்து உள்ளது.

இவ்வரைபடங்கள் காட்டுவது நிலப்பரப்பின் வெப்பத்தை மட்டுமே. பென்ரித்தில் பதிவான 48.9 டிகிரியோ நிழலில் அளந்த காற்றின் வெப்பம். தமது புறநகர் வரைபடத்தில் நீலமாகத் தெரிவதைக் காணும் ஒருவர், அங்கே இருப்பது மரமா தகரமா என்று நேரில் பார்த்துக்கொள்வது நல்லது.