வங்கி தரும் நன்கொடையும் வங்கி தேடும் சலுகையும்

திருவிழாவுக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதுகிறவர் எல்லாரும் தராசிலும் சுத்தமானவர் என்று நாம் முடிவு கட்டிவிடுவதில்லை. நன்கொடை நோட்டு வேறு, எடைக்கல் வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கடைத்தெரு நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. ஆனால் பெரிய வங்கி என்று வந்துவிட்டால் இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம். வழவழப்பான தாளில் அச்சான 'சமூகப் பொறுப்பு' அறிக்கையைக் கண்டதும் மலைத்துப் போகிறோம்.

அமெரிக்காவின் சிட்டி வங்கியின் கதை இதற்கு நல்ல பாடம். இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. 1902-ல் கல்கத்தாவில் கால் வைத்த வங்கி இது. நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் சட்டைப்பையில் கடன் அட்டையைக் கொண்டுவந்து வைத்த வங்கிகளில் ஒன்று. 2023 மார்ச் 1-ந் தேதி, கடன் அட்டை உள்ளிட்ட தன் தனிநபர் வங்கித் தொழிலை இந்தியாவில் ஆக்சிஸ் வங்கியிடம் ஒப்படைத்துவிட்டு, பெரிய கம்பெனிகளுக்கான வங்கித் தொழிலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது.

வணிகர்கள் தொடங்கிய வங்கி

1812-ல் நியூயார்க் நகர வணிகர்கள் சிலர் கூடித் தொடங்கியதுதான் 'சிட்டி பாங்க் ஆஃப் நியூயார்க்'. 1856 முதல் 1882 வரை அதன் தலைவராக இருந்த மோசஸ் டெய்லர் கியூபா சர்க்கரையை இறக்குமதி செய்த வியாபாரி. கையிருப்பு ரொக்கத்தை எப்போதும் தாராளமாக வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மளிகைக் கடைக்காரருக்கும் புரிகிற கொள்கைதான் அது.

1920-களில் நிலைமை மாறியது. 'நேஷனல் சிட்டி' என்று பெயர் பெற்றிருந்த இந்த வங்கி, சார்லஸ் மிட்செல் தலைமையில், தன் துணை நிறுவனம் மூலம் கடன் பத்திரங்களைப் பொதுமக்களிடம் விற்கத் தொடங்கியது. பெரு நாட்டு அரசுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்ற தகவல் உள்ளுக்குள் இருந்தபோதும், அந்நாட்டுப் பத்திரங்கள் விற்கப்பட்டன. பிறகு அவை செல்லாக்காசாயின. 1933 பிப்ரவரியில் செனட் விசாரணைக் குழு முன் மிட்செல் நிறுத்தப்பட்டார். அதே மாதம் பதவி விலகினார். மக்களின் வைப்புத் தொகையைக் காக்கும் வங்கியும் பங்கு, பத்திரம் விற்கும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்ற 'கிளாஸ்-ஸ்டீகல்' சட்டம் அந்த ஆண்டு ஜூன் மாதம் பிறந்தது. அது பிறந்ததற்கு இந்த விசாரணையும் ஒரு முக்கிய காரணம்.

சட்டத்துக்கு முன்பே கல்யாணம்

65 ஆண்டுகள் கழித்து அந்தக் கூரைக்குத் திரும்ப ஆசை வந்தது. 1998 ஏப்ரல் 6-ந் தேதி, சிட்டிகார்ப் வங்கியும், இன்ஷூரன்சும் பங்குத் தரகும் நடத்திய டிராவலர்ஸ் குழுமமும் இணைவதாக அறிவித்தன. மதிப்பு சுமார் 7,000 கோடி டாலர். அன்றிருந்த சட்டப்படி இந்த இணைப்பு நிரந்தரமாக நிலைக்க முடியாது. சில தொழில்களை விற்றுத் தீர்க்க இரண்டு ஆண்டு அவகாசம் மட்டுமே உண்டு. நீட்டிப்புக் கேட்டு வாங்கினால் ஐந்து ஆண்டு வரை போகலாம். ஆனாலும் துணிந்து இணைந்தார்கள். அவகாசம் முடிவதற்குள் சட்டத்தையே மாற்றிவிடலாம் என்பது டிராவலர்ஸ் தலைவர் சாண்டி வைல், சிட்டிகார்ப் தலைவர் ஜான் ரீட் ஆகியோரின் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. 1999 நவம்பர் 12-ந் தேதி அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட புதிய சட்டம் 1933-ம் ஆண்டுத் தடுப்புச் சுவரை இடித்தது. இந்த மாற்றத்தை ஆதரித்த அரசில் நிதி அமைச்சராக இருந்தவர் ராபர்ட் ரூபின். அந்த ஆண்டு ஜூலையில் பதவி விலகிய அவர், புதிய சட்டம் கையெழுத்தாவதற்குச் சில வாரங்கள் முன்பு, அக்டோபரில் சிட்டி குழுமத்தில் உயர் பதவியில் சேர்ந்தார். 2009-ல் விலகும்வரை அவருக்குக் கிடைத்த ஊதியம் 10 கோடி டாலருக்கு மேல். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் மார்க்கெட் கமிட்டி அதிகாரி ஓய்வு பெற்ற கையோடு பெரிய மண்டிக்காரரின் பங்காளியானால் நாம் என்ன நினைப்போமோ, அதைத்தான் அமெரிக்கர்கள் பலரும் நினைத்தார்கள்.

கதவு எதிர்ப்பக்கமும் திறந்தது. 2006-ல் சிட்டி குழுமத்தில் சேர்ந்து பணியாற்றிய ஜாக் லூ, 2013-ல் அமெரிக்க நிதி அமைச்சரானார்.

ஒரு பாலர் பள்ளி நன்கொடை

இதே காலத்தில் நடந்த ஒரு சிறு நன்கொடைதான் நம் பாடத்துக்கு மையம். சிட்டி குழுமத்தின் தரகுப் பிரிவில் தொலைபேசி நிறுவனப் பங்குகளை ஆராய்ந்து மதிப்பிட்டவர் ஜாக் கிரப்மன். ஏடி அண்ட் டி நிறுவனப் பங்கைப் பற்றி நீண்ட நாள் நல்ல அபிப்பிராயம் சொல்லாதவர் அவர். அதை மறுபடி பார்க்குமாறு வைல் கேட்டார். வைல் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர். 1999 நவம்பரில் கிரப்மன் அந்தப் பங்கை 'வாங்கலாம்' என்று உயர்த்தினார். அதே மாதம், ஏடி அண்ட் டி பற்றிய தகவலோடு, நியூயார்க்கில் இடம் கிடைப்பதற்கு அரிதான ஒரு பாலர் பள்ளியில் தம் இரட்டைக் குழந்தைகளைச் சேர்க்க உதவி கேட்டும் வைலுக்குக் குறிப்பு எழுதினார். பின்னர் அந்தப் பள்ளியை நடத்தும் அமைப்புக்கு 10 லட்சம் டாலர் தருவதாகச் சிட்டி ஒப்புக்கொண்டது.

புதிதாகப் பார்க்கும்படி மட்டுமே கேட்டதாக வைல் விளக்கம் தந்தார். அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. 2003-ல் கிரப்மன் 1.5 கோடி டாலர் செலுத்தி, பங்குத் தொழிலிலிருந்து ஆயுள் முழுக்க விலக்கப்பட்டார். பல தரகு நிறுவனங்கள் மீதான அதே நடவடிக்கையில் சிட்டி செலுத்தியது 40 கோடி டாலர். பெற்றுக்கொண்ட அமைப்பு நல்ல அமைப்புதான், கொடுத்த பணமும் நல்ல பணம்தான். எந்த நேரத்தில், யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. 'நன்கொடை' என்ற தலைப்பில் பற்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது.

இலாபம் அவர்களுக்கு, நட்டம் யாருக்கு?

கூரையை ஒன்றாக்கியதன் பலன் 2008-ல் தெரிந்தது. வீட்டுக் கடன்களை மூட்டை கட்டி விற்ற தொழில் சரிந்தது. முந்தைய ஆண்டு நவம்பரிலேயே தலைவர் சார்லஸ் பிரின்ஸ் விலகியிருந்தார். நாகபுரியில் பிறந்த விக்ரம் பண்டிட் அந்த நாற்காலியில் அமர்ந்தார். 2008 அக்டோபரில் 2,500 கோடி டாலரும், நவம்பரில் மேலும் 2,000 கோடி டாலரும் அரசுக் கருவூலத்திலிருந்து வந்தன. அத்துடன் சுமார் 30,600 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகளின் நட்டத்தில் பெரும்பங்கை ஏற்பதாக அரசு உத்தரவாதம் தந்தது. 2009 மார்ச்சில் அதன் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போனது. அரசே மூன்றில் ஒரு பங்குக்கு உரிமையாளரானது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010 டிசம்பரில் அரசு தன் கடைசிப் பங்கையும் விற்றபோது மொத்தத்தில் சுமார் 1,200 கோடி டாலர் இலாபம் கண்டது. ஆனால் அந்த நெருக்கடியில் ஷட்டரை இறக்கிய சிறு கடைகளுக்கு அப்படிக் கைகொடுக்க எந்தக் கருவூலமும் வரவில்லை. வீட்டுக் கடன் பத்திரங்களைப் பற்றி வாங்கியவர்களிடம் உண்மையை மறைத்த விவகாரத்தில், 2014 ஜூலையில் 700 கோடி டாலருக்கு அரசுடன் சிட்டி சமரசம் செய்துகொண்டது. சட்டச் சுவரை இடித்த சாண்டி வைலே 2012 ஜூலையில், பெரிய வங்கிகளைப் பிரித்துவிட வேண்டும் என்று தொலைக்காட்சியில் பேசியபோது ஊரே வியந்தது.

85 வரியில் 70 வரி

நெருக்கடிக்குப் பின் 2010-ல் அமெரிக்கா புதிய கட்டுப்பாடுகள் விதித்தது. ஆபத்தான சில ஊக ஒப்பந்தங்களை, அரசுக் காப்பீடு பெற்ற வைப்புத் தொகை இருக்கும் வங்கிக்கு வெளியே நடத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. அதைத் தளர்த்த ஒரு மசோதா வந்தது. அதன் சுமார் 85 வரிகளில் 70-க்கும் மேற்பட்டவை சிட்டியின் லாபிக்காரர்கள் தந்த பரிந்துரையை ஒட்டியவை என்று 2013 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. தனி மசோதாவாகச் சட்டமாகாத அந்தத் தளர்வு, 2014 டிசம்பரில் அரசின் செலவு மசோதாவுக்குள் செருகப்பட்டு நிறைவேறியது. அந்த மசோதா நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் மூடப்படும் நிலை. செனட்டர் எலிசபெத் வாரன் அவையில் சிட்டியின் பெயரைச் சொல்லியே கண்டித்தார். பயனில்லை.

காற்றடிக்கும் திசையில் கொள்கை

அப்படியானால் சமூகப் பொறுப்பெல்லாம் வெறும் பூச்சா? அப்படியும் சொல்லிவிட முடியாது. காடழிப்புத் திட்டங்களுக்குக் கடன் தருவதாகச் சுற்றுச்சூழல் இயக்கத்தினர் பல ஆண்டு போராடிய பின், 2003-ல் பெருந்திட்டக் கடன்களுக்கான 'ஈக்வேட்டர்' நெறிகளை உருவாக்கிய வங்கிகளில் சிட்டியும் ஒன்று. தன் நிறுவனத்தில் பெண்களின் இடைநிலை ஊதியம் ஆண்களுடையதில் 71 சதவீதம்தான் என்று 2019-ல் தானே வெளியிட்டது. 2021 மார்ச்சில் ஜேன் ஃபிரேசர் தலைமை ஏற்றார். அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

ஆனால் 2018 மார்ச்சில், துப்பாக்கி விற்கும் கடைகள் 21 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்கக் கட்டுப்பாடு விதித்தால்தான் தொடர்பு வைப்போம் என்று அறிவித்த அதே வங்கி, 2025 ஜூனில் அக்கொள்கையைக் கைவிட்டது. 2024 டிசம்பர் கடைசி நாளில் கரிமக் குறைப்புக்கான வங்கிகள் கூட்டணியிலிருந்து விலகியது. 2025 பிப்ரவரியில் பணியாளர் பன்முகத்தன்மை இலக்குகளையும் விட்டது. வாஷிங்டனில் ஆட்சி மாறிய நேரம் அது. கொள்கைகள் சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆட்சி மாறினால் மாறுகிற பொறுப்பை நிரந்தரக் கைம்முதல் என்று எழுதிக்கொள்ள முடியாது என்பதில் வேறுபாடு இருக்க முடியாது.

லாபி நமக்கும் உண்டு

லாபி என்றாலே பாவம் என்று நாமும் சொல்ல முடியாது. கோரிக்கை மனுவோடு அமைச்சரைப் பார்க்கப் போகிற நம் சங்கம் செய்வதும் அதுதான். அமெரிக்கக் கடைக்காரர்களும் செய்தார்கள். டெபிட் அட்டையில் ஒரு விற்பனைக்குச் சராசரியாக 44 சென்ட் அளவுக்கு இருந்த கட்டணத்தை, 2010-ம் ஆண்டுச் சட்டத்தில் செனட்டர் டர்பின் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் குறைக்க வைத்தார்கள். அதைத் தள்ளிப்போட வங்கிகள் எடுத்த முயற்சி 2011 ஜூனில் செனட்டில் தோற்றது. அக்டோபர் முதல் பெரிய வங்கிகளுக்கு 21 சென்டும் விற்பனைத் தொகையில் 0.05 சதவீதமும் உச்ச வரம்பாயின. ஒற்றுமை இருந்தால் சிறு கடைக்காரரும் பெரிய வங்கியை எதிர்த்து நிற்கலாம் என்பதற்கு இது சாட்சி.

வேறுபாடு இரண்டு இடத்தில். ஒன்று, கேட்பது வெளிச்சத்தில் இருக்கிறதா? இரண்டு, கேட்ட சலுகை தவறாகிப்போனால் நட்டத்தைச் சுமப்பவர் யார்? நம் கோரிக்கை தப்பானால் நம் கல்லாப்பெட்டிதான் காலியாகும். சிட்டி கேட்டது தப்பானபோது பொதுப்பணம் போய் நின்றது.

அமெரிக்காவில் 1995-ம் ஆண்டுச் சட்டப்படி, லாபிக்கு எவ்வளவு செலவு, எந்த மசோதாவுக்காக என்று பதிவு செய்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த ஏடு இருப்பதால்தான் அங்கே பலவும் வெளியே வருகின்றன. நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. லாபிச் செலவைப் பதிவு செய்ய அப்படித் தனிச் சட்டம் இல்லை. தானக் கணக்கு அச்சாகிறது, சலுகைக் கணக்கு அச்சாவதில்லை.

தென் மாவட்டங்களில் நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்தக் கணக்கு கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. வங்கிகளிடமும் அதே முறையைக் கேட்பதில் தவறில்லை. அடுத்த முறை ஒரு வங்கி நம் சங்க விழாவுக்குப் பந்தல் செலவை ஏற்க முன்வந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். கூடவே, சிறு வணிகர் கடனுக்கு என்ன வட்டி, அட்டைக் கட்டணம் எவ்வளவு, அதைக் கூட்டவோ குறைக்கவோ அரசிடம் நீங்கள் என்ன கேட்டிருக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி, நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் வாசிப்போம்.