தேங்காய்ச் சிட்டையும் முதல் கம்போனென்ட்டும்

செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் வாரச்சந்தையில், தேங்காய்க் குவியல்களுக்கு நடுவே ஒரே கணக்குதான் திரும்பத் திரும்பக் காதில் விழும். காய் என்ன விலை, எத்தனை காய், வண்டி வாடகை எவ்வளவு, ஆக மொத்தம் எவ்வளவு? காயின் அளவைப் பார்த்து விலை பேசுவார்கள். பேசி முடிந்ததும் துண்டுச் சீட்டிலோ செல்போன் கால்குலேட்டரிலோ கணக்கு முடிந்துவிடும். வெப் அப்ளிகேஷன் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக இந்த நான்கு எண்களைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியிருக்கிற ஊர் காரிமங்கலம். அதே சாலையில் வடக்கே போனால் ஓசூர், அதைத் தாண்டினால் பெங்களூரு. ஊரில் அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வந்து பட்டம் வாங்கும் பெண்களில் சாஃப்ட்வேர் வேலைக்கு முயல்பவர்கள், நேர்முகத் தேர்வில் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி "ரியாக்ட் தெரியுமா?" என்பது. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, திறன் பயிற்சி என்ற சொல் எல்லாக் கல்லூரிகளிலும் புழங்குகிறது. நல்ல விஷயம். ஆனால் பயிற்சியின் முதல் நாளில் என்ன எழுத வைக்கிறோம்?

பெரும்பாலும் ஒரு பட்டன். அழுத்தினால் பூஜ்யம் ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். திரையில் இருப்பதைப் பார்த்து அப்படியே அடித்தால் ஓடிவிடும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தப்பாக வந்தாலும் தப்பு என்று தோன்றாது. தேங்காய்க் கணக்கு அப்படியல்ல. காய் இருபது ரூபாய், நூறு காய், வாடகை நூற்றைம்பது என்றால் மொத்தம் 2,150 என்று தென்னந்தோப்பை ஒட்டி வளர்ந்த பெண்ணுக்கு மனக்கணக்காகவே தெரியும். திரையில் வேறு எண் வந்தால் அந்தக் கணமே கண்ணில் படும். ரியாக்ட் போன்ற வெப் ஃபிரேம்வொர்க்கைப் பொறுத்தவரை பாடங்கள் எல்லாமே தப்பான விடைகள் வழியாகத்தான் வருகின்றன.

ரியாக்ட் வளர்ந்த கதையே இதற்குச் சாட்சி. ஃபேஸ்புக்கில் பொறியாளராக இருந்த ஜோர்டன் வாக் உருவாக்கியது அது. 2011-இல் நியூஸ் ஃபீடிலும் 2012-இல் இன்ஸ்டாகிராமிலும் பயன்பாட்டுக்கு வந்து, 2013 மே மாதம் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. அந்தக் காலத்து ஃபேஸ்புக்கில் ஒரு தொல்லை இருந்தது. படிக்காத மெசேஜ் ஒன்று இருப்பதாக மேலே சிவப்பு எண் காட்டும். திறந்து பார்த்தால் புதிதாக ஒன்றுமே இருக்காது. சரிசெய்வார்கள், சில நாளில் மறுபடி வரும். 2014-இல் தங்கள் மாநாட்டு மேடையிலேயே இதை விவரித்தார்கள். ஒரே தகவலைப் பக்கத்தின் பல மூலைகள் தனித்தனியாக வைத்திருந்தன. ஒன்றை மாற்றும்போது மற்றொன்றை மாற்ற மறந்தால் எண்கள் முரண்படும். இந்தத் தொல்லையிலிருந்து மீள அவர்கள் வந்து சேர்ந்த வழி இதுதான்: தகவலை ஒரே இடத்தில் வை, திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து கணக்கிடு, தகவல் மாறினால் மறுபடி கணக்கிடு.

இதைக் கையில் பிடித்துப் பார்க்கும் சிறிய வடிவம்தான் கம்போனென்ட். ரியாக்ட்டில் அது வெறும் ஒரு ஃபங்ஷன். சில எண்களை வாங்கிக்கொண்டு, திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதைத் திருப்பித் தரும். நம் தேங்காய்ச் சிட்டைக்கு மூன்று பெட்டிகளும் ஒரு மொத்த வரியும் போதும். பெட்டிகள் விலைக்கும், எண்ணிக்கைக்கும், வாடகைக்கும்.

முதலில் பிள்ளைகள் மூன்று சாதாரண மாறிகளை (வேரியபிள்) எழுதுவார்கள். பெட்டியில் எண்ணை அடித்தால் மாறியின் மதிப்பு மாறும், மொத்தம் அசையாது. அந்த மதிப்பு மாறியது ரியாக்ட்டுக்குத் தெரியாது என்பதே காரணம். மாற்றத்தை அதனிடம் சொல்லி, "இந்த ஃபங்ஷனை மறுபடி ஓட்டு" என்று கேட்க வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் ஸ்டேட். 2019 பிப்ரவரியில் வந்த 16.8 பதிப்பிலிருந்து ஃபங்ஷனுக்கு உள்ளேயே இதை ஒரே வரியில் எழுதலாம்: இப்போதைய மதிப்புக்கு ஒரு பெயர், அதை மாற்றும் ஃபங்ஷனுக்கு ஒரு பெயர். பழைய மதிப்பை ஓட்டத்துக்கு ஓட்டம் பத்திரமாக எடுத்து வைத்திருப்பது ரியாக்ட்டின் பொறுப்பு.

மூன்று பெட்டிகளும் இயங்கத் தொடங்குகின்றன. விலையில் 20, எண்ணிக்கையில் 100. மொத்தம் 2000. மகிழ்ச்சி. வாடகையில் 150 என்று அடித்ததும் மொத்தம் 2000150 என்று நிற்கும். நூறு தேங்காய்க்கு இருபது லட்சத்து நூற்றைம்பது ரூபாய்!

இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியது இது: பெட்டியிலிருந்து வருவது எண் அல்ல, எழுத்து. பெருக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் அந்த எழுத்துகளைத் தானாகவே எண்ணாக்கிக்கொள்ளும். கூட்டல் குறியைக் கண்டால் அப்படிச் செய்யாது. ஒரு பக்கம் எழுத்து இருந்தாலே இரண்டையும் ஒட்டிவிடும். அதனால்தான் பெருக்கல் வரை சரியாக வந்து, வாடகையில் கவிழ்கிறது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வாடகைப் பெட்டி காலியாக இருந்தபோதே தப்பு உள்ளே வந்துவிட்டது. 2000-த்தோடு வெற்று எழுத்தை ஒட்டினாலும் 2000 என்றுதான் தெரியும், ஆகவே யாரும் பார்க்கவில்லை. மூன்றையும் எண்ணாக மாற்றிவிட்டுக் கணக்குப் போட்டால் 2150 வரும். பொத்தானை எண்ணும் பாடத்தில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. முதல் வேலையில், வாடிக்கையாளரின் பில்லில்தான் முதன்முதலாகத் தலைகாட்டும்.

அடுத்த தப்பு இதைவிட முக்கியம். மூன்றுக்கும் ஸ்டேட் வைத்தாயிற்றே, மொத்தத்துக்கும் ஒன்று வைப்போம் என்று நான்காவதாக ஒரு ஸ்டேட் எழுதுவார்கள். எண்ணிக்கை மாறும்போது, எண்ணிக்கையையும் மாற்றி மொத்தத்தையும் மாற்றுவது திட்டம். வாடகையைக் காலியாக விட்டு, எண்ணிக்கையில் 100 என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்க்கட்டும். பெட்டியில் 100 இருக்கும், மொத்தம் 200 என்று காட்டும். அது பத்துக் காய்க்கான மொத்தம். ஓர் எழுத்து பின்தங்கி நிற்கிறது. புதிய மதிப்பை வைக்கச் சொன்ன அந்த ஓட்டத்திலேயே ஸ்டேட் மாறிவிடுவதில்லை; அடுத்த ஓட்டத்தில்தான் புது மதிப்பு கைக்கு வரும். இந்த ஓட்டத்தில் பெருக்கியது பழைய பத்தை.

இதற்கு இணையத்தில் தேடினால் சுற்றுவழிகள் ஏராளமாகக் கிடைக்கும். மொத்தத்தைத் தனியே கண்காணித்து ஒத்துப்போக வைக்கும் வழிகள் அவை. வேலை செய்யும், ஆனால் படிப்பவருக்குத் தீங்கு என்றே நினைக்கிறேன். செய்ய வேண்டியது நான்காவது ஸ்டேட்டை அழிப்பது. மொத்தம் என்பது தனித் தகவல் அல்ல; விலையும் எண்ணிக்கையும் வாடகையும் தெரிந்தால் அது தெரிந்ததுதான். ஃபங்ஷனுக்கு உள்ளே பெருக்கிக் கூட்டும் ஒரு வரி போதும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் புதிதாகக் கணக்கிடப்படும், பின்தங்க வழியே இல்லை. ஃபேஸ்புக்கின் சிவப்பு எண்ணும் காரிமங்கலத்துத் தேங்காய்ச் சிட்டையும் சந்திக்கும் இடம் இது. அந்த நான்காவது ஸ்டேட்டை அழித்துப் பார்த்த மாணவிக்கு மற்ற ஃபிரேம்வொர்க்குகளும் அந்நியமாக இருக்காது. இவான் யூ 2014-இல் வெளியிட்ட வியூ, கூகுளின் ஆங்குலர் இரண்டிலுமே இப்படி மற்ற மதிப்புகளிலிருந்து பிறக்கும் மதிப்புகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. எதில் தொடங்குவது என்று நாள்கணக்கில் விவாதிப்பது வீண். ஒன்றைப் பிடித்து இந்தச் சிட்டையை முழுதாக முடித்தால் போதும்.

இனி பெயர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'விலை', 'எண்ணிக்கை', 'வாடகை', 'மொத்தம்' என்று எழுதினால் பிரவுசர் தடையின்றி ஓட்டும். ஆங்கிலத்தில் தயங்கும் பிள்ளைகளுக்கு எது தாங்கள் வைத்த பெயர், எது மொழியின் சொல் என்பது இதில் பளிச்சென்று பிரிந்து தெரியும். முதல் மாதம் இப்படி எழுதட்டும். கம்போனென்ட்டின் பெயருக்கு மட்டும் ஒரு சிக்கல். அதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது ரியாக்ட்டின் விதி. சின்ன எழுத்தில் தொடங்கினால் எச்டிஎம்எல் குறி என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. முதல் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தா என்று மட்டுமே பார்ப்பதால், 'தேங்காய்ச்சிட்டை' என்ற பெயரை கம்போனென்ட் என்றே ஏற்றுக்கொண்டு ஓட்டிவிடும். ஆனால் கூடவே வரும் கருவிகள் வேறு மாதிரி. பிழை சுட்டும் ஈஎஸ்லின்ட், ஆங்கிலப் பேரெழுத்தைத் தேடிப் பார்த்து, "இது கம்போனென்ட் இல்லை, இங்கே ஸ்டேட் கூடாது" என்று அடிக்கோடிடும். நிரலைத் திருத்தியதும் திரையை உடனுக்குடன் புதுப்பிக்கும் வசதியும் அதே பேரெழுத்தைத்தான் பார்க்கிறது. பேரெழுத்து இல்லாவிட்டால் பெட்டிகளில் அடித்து வைத்த எண்கள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறைந்துபோகும். ஆகவே கம்போனென்ட்டின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே தமிழை வைத்துக்கொள்வது இன்றைய நிலையில் நல்லது. உலகின் பல மொழி எழுத்துகளுக்குப் பேரெழுத்து என்பதே கிடையாது. அந்தக் கருவிகள் இதைக் கவனிக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தமிழ் மாணவர்கள் வைப்பதில் முழு நியாயம் உண்டு.

மொத்தத்தை நம் வழக்கப்படி லட்சக் கணக்கில் காற்புள்ளி இட்டுக் காட்டவும் பிரவுசருக்குத் தெரியும். தமிழ்–இந்தியா என்ற வட்டாரக் குறியைக் கொடுத்தால் 120000 என்பது 1,20,000 ஆகும்.

தொடங்குவதற்குத் தேவையானவை கொஞ்சம்தான். ஒரு சாதாரண லேப்டாப்; நோட் (Node.js), வீட் (Vite) என்ற இரண்டு மென்பொருள்கள். இந்த இரண்டையும் இறக்கிக்கொள்ள முதலில் இன்டர்நெட் வேண்டும். பிறகு இல்லாமலும் எழுதலாம். பழைய வீடியோ பாடங்கள் பல, கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியிலிருந்து தொடங்குகின்றன. 2025 பிப்ரவரியில் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள்; அந்தப் பாடங்களைப் பார்ப்பவர்கள் முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடலாம். லேப்டாப் இல்லாதவர்கள், 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்ட ரியாக்ட்டின் பாடத் தளத்தில் அந்தப் பக்கத்திலேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை வேண்டுவோருக்கு, 2012-இல் தொடங்கிய கணியம் தமிழிலேயே இலவச மின்னூல்களை வெளியிட்டிருக்கிறது.

சிட்டை ஒன்று முடிந்ததும் அதையே மூன்று முறை பக்கத்தில் வைக்கச் சொல்லலாம்: பெரிய காய், நடுத்தரம், சிறியது. ரகத்தின் பெயரை வெளியிலிருந்து அனுப்பினால் அதற்குப் பெயர் பிராப்ஸ். எழுதிய ஃபங்ஷன் ஒன்றுதான். ஆனால் மூன்று சிட்டைகளுக்கும் மூன்று தனித்தனி ஸ்டேட். ஒன்றில் அடித்தால் மற்றது அசையாது. பிறகு மூன்றையும் கூட்டி அடியில் ஒரு வரி கேளுங்கள். எண்கள் சிட்டைக்குள் இருக்கும்வரை வெளியே யாருக்கும் அவை தெரியாது. ஆகவே மூன்றுக்கும் மேலே இருக்கும் கம்போனென்ட்டுக்கு அவற்றைக் குடிபெயர்க்க வேண்டும். கூட்டிப் பார்க்கும் மாணவி அப்போதுதான் கவனிப்பாள், வாடகை மூன்று முறை சேர்ந்திருக்கிறது என்று. மூன்று ரகக் காயும் ஏறுவது ஒரே வண்டியில். வாடகைப் பெட்டியைச் சிட்டையிலிருந்து எடுத்து மேலே ஒற்றையாக வைப்பாள்.