உங்களுக்குத் தெரியுமா? மின்சாரக் கார் பேட்டரியின் எதிரி வெயில்!

● செல்போன் பேட்டரி மூன்றே வருடத்தில் சோர்ந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு, மின்சாரக் கார் என்றதும் அந்தப் பயம்தான் முதலில் வரும். ஆனால் கார் பேட்டரி திடீரென்று சாவதில்லை. மெல்ல மெல்லத்தான் தேய்கிறது. கனடாவின் ஜியோடேப் நிறுவனம் ஆயிரக்கணக்கான வண்டிகளை ஆராய்ந்து 2024-ல் சொன்ன சராசரித் தேய்மானம், ஆண்டுக்கு 1.8 சதவீதம். புதிதில் முழு சார்ஜில் 300 கி.மீ. ஓடிய கார், எட்டு வருடம் கழித்தும் சுமார் 257 கி.மீ. ஓடும் என்கிறது இந்தக் கணக்கு.

● சராசரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். நிசான் லீஃப் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், பீனிக்ஸ் நகரத்து வெயிலில் 2012-லேயே குட்டு வெளிப்பட்டது. பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் ஒவ்வொன்றாக மறைய, உரிமையாளர்கள் கொதித்துப்போனார்கள். குளிர் ஊர்களில் ஓடிய அதே காருக்கு இந்தக் கதி இல்லை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது கோடுகளுக்குக் கீழே போனால் இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிசான் பிறகு வாரண்டி கொடுத்தது. 2014-ல் அங்கே புது பேட்டரியின் விலை 5,499 டாலர், அதுவும் பழையதைத் திருப்பிக் கொடுத்தால்!

● வெயில் அப்படி என்ன செய்கிறது? பேட்டரி செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட் மின்முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது வளர வளர லித்தியத்தை விழுங்குகிறது. சூடு ஏறினால் வளர்ச்சி வேகமெடுக்கும். 100 சதவீதம் சார்ஜில் வைத்திருந்தாலும் அப்படித்தான். வண்டி ஓடவே வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். முழு சார்ஜோடு சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்துவது பேட்டரிக்குப் பெரிய கெடுதல்.

● எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி, சூட்டை நன்றாகவே தாங்கும். கோபால்ட்டும் நிக்கலும் இதற்குத் தேவையில்லை. எடை மட்டும் கொஞ்சம் கூடுதல். டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் இருப்பது இதுதான். நம் ஊருக்கு ஏற்றதும் இதுவே.

● விலைப்பட்டியலில் தெரியாத செலவு ஒன்று: மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதே பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். பேட்டரி 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வரி மட்டுமே 90,000 ரூபாய்.

● இன்னொன்று, காரின் அடிவயிறு. பேட்டரி இருப்பது அங்கேதான். வேகத்தடையிலோ கல்லிலோ பலமாக இடித்து அது நசுங்கினால், வாரண்டி கைகொடுக்காது. காப்பீட்டில் அதற்கு இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

● காருக்கு உதவாத பேட்டரி குப்பை அல்ல. ஆம்ஸ்டர்டாமின் யோஹான் கிராய்ஃப் கால்பந்து அரங்கில் 2018 முதல், லீஃப் கார்களின் பழைய பேட்டரிகளும் புதியவையும் சேர்ந்து மின்சாரத்தைச் சேமிக்கின்றன.

● பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா? கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால், பேட்டரியில் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்ற சோதனை அறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.