தரைக்கு அடியில் ஓடும் வெப்பம்



அடுப்பின் முன் உட்கார்ந்தால் முகம் சுடுகிறது. முதுகோ குளிர்ந்தே இருக்கிறது. ஏன்? சூடேறிய காற்று மேலே போய்விடுகிறது. ஆனால் நெருப்பின் வெப்பம் கதிராகப் பாய்ந்து நேரே முகத்தில் படுகிறது. வெயிலில் காய்ந்த தகரக்கூரை வீட்டுக்குள் நம்மை வாட்டுவதும் இதே கதிர்வெப்பந்தான்.

இதைக் கொண்டே கடுங்குளிரைச் சமாளித்தவர்கள் கொரிய மக்கள். அவர்களது முறைக்கு 'ஒண்டோல்' என்று பெயர். சமையற்கட்டு அடுப்பின் அனலும் புகையும் பக்கத்து அறையின் தரைக்கு அடியிலுள்ள கால்வாய்களில் புகுந்து, மறுபுறம் புகைபோக்கி வழியே வெளியேறும். மேலே பரப்பிய கற்பலகைகள் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். நெருப்பு அணைந்த பின்பும் கல் மெல்ல மெல்ல வெப்பத்தை வீசும். அடுப்பை ஒட்டிய கதகதப்பான இடம் வீட்டுப் பெரியவர்களுக்கு.

பின்னர் விறகுக்குப் பதிலாக நிலக்கரிக் கட்டிகள் வந்தன. 1960, 1970களில், வெடித்த தரை வழியே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கசிந்து பலர் தூக்கத்திலேயே மாண்டனர். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்று அங்கே தரையடிக் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. அடைமழைக் காலத்திலோ, பிள்ளை பெற்ற வீட்டிலோ, கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். புகை தெரியாத தணலிலும் அந்த நஞ்சு உண்டு. தாயும் சேயும் உறங்கும் அறையில் கதகதப்பைவிட நல்ல காற்றே முதலில் வேண்டும்.