திருக்கோவிலூரில் வேலை கேட்ட வாலிபர் கேம்பிரிட்ஜ் போனது எப்படி? கல்வராயன்மலைப் பிள்ளைகளும் போகலாம்!

கள்ளக்குறிச்சி:-

கல்வராயன்மலை என்றால் பத்திரிகையில் என்ன செய்தி வரும்? சாராய ஊறல் அழிப்பு. போலீஸ் வேட்டை. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அப்போதும் போலீஸ் படை மலை ஏறியது.

அந்த மலையில் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. பிளஸ்-2 பாஸ் செய்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், "நான் கேம்பிரிட்ஜில் படிக்கணும்" என்று சொன்னால் என்ன ஆகும்?

"ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க" என்று ஊர் சிரிக்கும்.

சிரிக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் போய் உலகப் புகழ் பெற்ற ஒருவருக்கு முதல் கதவைத் திறந்து விட்டவர், இதே மாவட்டத்தில் வேலை பார்த்த ஒரு ரெவின்யூ அதிகாரிதான்!

நோட்டுப் புத்தகத்துடன் வந்தவர்

அது 1910-ம் ஆண்டு. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூரில் அப்போது வி.ராமசாமி அய்யர் டெபுடி கலெக்டராக இருந்தார். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

அவரைத் தேடி ஒரு வாலிபர் வந்தார். வயது 22 இருக்கும். கல்யாணம் ஆகிவிட்டது. வேலை இல்லை. கணக்கில் புலி. ஆனால் மற்ற பாடங்களில் கோட்டை விட்டு எப்.ஏ. பரீட்சையில் பெயில். கையில் நோட்டுப் புத்தகம். அவர் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை.

அந்த வாலிபர்தான் கணித மேதை ராமானுஜன்!

டெபுடி கலெக்டர் நோட்டைத் திறந்து பார்த்தார். அசந்து போனார். இவரை ஆபீஸ் மேஜையில் உட்கார வைத்தால் அந்த மூளை பாழாகிவிடும் என்று நினைத்தார். வேலை கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, சென்னையில் உள்ள கணக்கு அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பி வைத்தார்.

கைமாறிய கடிதம்

அந்த அறிமுகம் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை எட்டியது. அவர் சொந்தப் பணத்தில் மாதம் ரூ.25 கொடுத்து ஆதரித்தார்.

1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் ராமானுஜனுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் ரூ.30. அங்கிருந்த மேலதிகாரிகளும் அவரைத் தட்டிக் கொடுத்தார்கள்.

1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தான் கண்டுபிடித்த சுமார் 120 கணக்கு முடிவுகளையும் சேர்த்து அனுப்பினார். அதற்கு முன்பு எழுதிப் பார்த்த 2 கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் கை கொடுக்கவில்லை. ஹார்டி கொடுத்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்தது. எப்.ஏ. பெயிலானவருக்குக் கிடைத்த கவுரவம் இது!

இன்றும் அதே நாலு விஷயம்

ராமானுஜனுக்குத் தேவைப்பட்டவை நாலு. திறமையைக் காட்ட ஒரு நோட்டு. சிபாரிசுக் கடிதம். பணம். "இந்தக் கதவைத் தட்டு" என்று வழி சொல்ல ஒரு ஆள்.

நூறு வருஷம் கழிந்தும் வெளிநாட்டுப் பெரிய பல்கலைக்கழகங்கள் கேட்பது கிட்டத்தட்ட இதையேதான். மார்க் பட்டியல், ஆங்கிலப் பரீட்சை, ஆசிரியர்களின் சிபாரிசு, மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை. மார்க் மட்டும் இருந்தால் போதாது. அதே சமயம், மலையில் வளர்ந்த பிள்ளையின் வாழ்க்கைக்கும் அந்தக் கட்டுரையில் இடம் உண்டு.

மூளைக்கு மலையில் பஞ்சம் இல்லை. கல்வராயன்மலையின் சேலம் பக்கத்தில் உள்ள கருமந்துறை அரசு பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் சீட் பிடித்தார். ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து 1976-ல்தான் விடுபட்ட மலை இது. விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி சென்னை ஐகோர்ட்டே 2024-ல் தானாக முன்வந்து விசாரணையில் இறங்கியது.

பணம் எங்கே இருக்கிறது?

மலை மக்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளா என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசுகிறவர்கள்.

பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் எம்.ஏ., எம்.எஸ்சி. போன்ற மேல்படிப்பும், பிஎச்.டி.யும் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது. ஆனால் இந்தியா முழுவதுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 20 பேருக்குத்தான். குடும்ப வருமானம் ரூ.6 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டமும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு உண்டு. ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை கொடுக்கும் திட்டம் இது. இதுவும் டிகிரி முடித்த பிறகு படிக்கும் படிப்புக்குத்தான்.

அப்படியானால் பிளஸ்-2 முடித்ததும் போக வழி இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை வெளிநாட்டு மாணவரானாலும் பணம் இருக்கிறதா என்று பார்த்து சீட் கொடுப்பதில்லை. சீட் கிடைத்துவிட்டால், குடும்பத்தால் கட்ட முடியாத தொகையை அவையே கொடுக்கும். மனு பீசைக் கூட தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

ஆனால் ஒன்று. நூறு பேர் மனு போட்டால் 5 பேருக்குக் கூட இடம் கிடைக்காது. தெரிந்தே இறங்க வேண்டும். இதை மட்டும் நம்பி உள்ளூர் கல்லூரி மனுவை விட்டுவிடக் கூடாது.

தேதி தவறினால் போச்சு!

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு இரண்டுக்கும் பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு அக்டோபர் 15-ந் தேதி கடைசி. அமெரிக்காவில் முதல் சுற்று பெரும்பாலும் நவம்பர் 1-ந் தேதி. அடுத்த சுற்று ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி முடியும். அதாவது பிளஸ்-2 பரீட்சை எழுதும் முன்பே மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் அந்த வருஷம் போனது போனதுதான்.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு மட்டும் ரூ.15 ஆயிரத்துக்கு மேல் பீஸ். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

இந்த நேரத்தில்தான் புரோக்கர்கள் நுழைவார்கள். 'பெரிய யுனிவர்சிட்டியில் சீட் வாங்கித் தருகிறோம், அட்வான்ஸ் கட்டுங்கள்' என்பார்கள். ஏமாறாதீர்கள்! ஹார்வர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கமிஷனுக்கு சீட் கிடையாது. நிலத்தை அடகு வைத்துக் கொடுத்தாலும் கிடைக்காது.

பூட்டு எங்கே?

அரசு உதவித்தொகைக்கு முதல் சாவி பழங்குடி சாதிச் சான்றிதழ். அதைத் தாசில்தார் கொடுக்க முடியாது. ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர்தான் விசாரித்துக் கொடுக்க வேண்டும். அதற்குத் தாத்தா காலத்துக் காகிதம் எல்லாம் தேடி அலைகிற குடும்பங்கள் உண்டு. சான்றிதழ் தள்ளிப் போனால் மனுவும் தள்ளிப் போகும். தேதி காத்திருக்காது.

ஆகவே மலைப் பெற்றோர் பிளஸ்-1-லேயே சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டும் அப்போதே எடுத்துவிடலாம். ஆசிரியர்களும் யார் பிள்ளையிடம் திறமை இருக்கிறது என்று கவனித்து, சிபாரிசுக் கடிதம் எழுதப் பழக வேண்டும். அந்தக் கடிதத்துக்குக் காசு செலவு இல்லை. ராமானுஜனுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு கடிதம்தான்.

திருக்கோவிலூரில் அன்று நோட்டைத் திறந்து பார்த்தவர் ஒரு டெபுடி கலெக்டர். இன்று பழங்குடி சாதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் ஆர்.டி.ஓ. பதவியும் அதே டெபுடி கலெக்டர் அந்தஸ்துதான். கல்வராயன்மலையிலிருந்து வரும் மாணவரின் மனுவை மேஜையில் தூங்க விடாமல், அதே அக்கறையோடு திறந்து பார்ப்பார்களா?